வரப்போகிற கேமராவுக்கு வைத்திருந்த முகம்

எங்கள் வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கும் அரிசிக்கடைக் காலண்டரில் ராகு காலம், எமகண்டம் எல்லாம் பொடி எழுத்தில் போட்டிருக்கும். நாங்கள் கத்தோலிக்கர், அதையெல்லாம் பார்ப்பதில்லை. எங்கள் வீட்டில் அதை ஒரு எழுத்து விடாமல் படித்தவர் பக்கத்து வீட்டு ஸ்டுடியோ அண்ணன் ஒருவர்தான். அவரும் எங்களோடு ஞாயிறு பூசைக்கு வருகிறவர்தான். அவர் படித்தது நேரம் பார்க்க இல்லை, லென்ஸ் பார்க்க.

மாயவரத்துக்குப் பக்கத்தில் எங்கள் குத்தாலத்தில், கடைத்தெருவில் அவருக்குச் சின்னதாக ஒரு ஸ்டுடியோ இருந்தது. கல்யாணம், புதுநன்மை, காதுகுத்து, கோயில் தேர் எல்லாம் வீடியோ எடுப்பார். தஞ்சாவூரிலோ கும்பகோணத்திலோ யாராவது கழித்துப் போட்ட பழைய லென்ஸ் கைக்கு வந்தால் அதைத் தூக்கிக்கொண்டு நேராக எங்கள் கூடத்துக்கு வந்துவிடுவார். கேமராவைத் தாங்கியில் நிறுத்தி, காலண்டர், எடுக்கிற படத்துக்கு நடுவில் வருகிற மாதிரி ஒரு தடவை எடுப்பார். பிறகு நாலு மூலையிலும் வருகிற மாதிரி நாலு தடவை. எடுத்ததைப் பெரிதாக்கிப் பார்த்தால், நடுவில் கத்தி மாதிரி நின்ற எழுத்து மூலைக்குப் போனதும் தண்ணீர் பட்ட மை போல இழுபட்டிருக்கும்.

“மூலை அழுவுது தங்கச்சி,” என்பார். “நடுவுல எல்லா லென்ஸும் யோக்கியன்தான். மூலைக்குப் போனாத்தான் குணம் தெரியும்.”

என் வீட்டுக்காரர் வயலிலிருந்து வந்து கால் கழுவிக்கொண்டே கேட்பார்: “ஏண்ணே, கல்யாணத்துல மூலையில யாரு நிக்கப் போறா? பந்திக்கு அவசரப்படுற ஆளுதான் நிப்பான்.”

“அவனுக்கும் மூஞ்சி இருக்குல்ல மாப்ள?”

நான் எட்டாவது வரை படித்தவள். லென்ஸைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் மூலையில் நிற்கிறவனுக்கும் மூஞ்சி இருக்கிறது என்று நினைக்கிற மனிதர் நல்ல மனிதராகத்தான் இருப்பார் என்று அன்றைக்கே எனக்குப் பட்டது. இன்றைக்கும் அதில் மாற்றமில்லை. அவர் செய்த தப்பை எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன், ஆனாலும் மாற்றமில்லை.

அவர் சம்சாரத்தை நான் அக்கா என்று கூப்பிடுவேன். தெருவே அப்படித்தான் கூப்பிட்டது. பிள்ளை இல்லை. அண்ணன் போகிற இடமெல்லாம் கூடவே போய் லைட் பிடிப்பார். எந்தக் கல்யாணத்திலும் மணமேடைக்கு ஓரமாக, கையை உயர்த்திக்கொண்டு, வேர்த்து ஊற்ற நிற்பார். “படத்துக்கு வெளியில நிக்கிறதுதான்டி மேரி என் உத்தியோகம்,” என்று சிரிப்பார்.

அக்கா நல்ல கறுப்பு. அந்தக் கறுப்பில் ஒரு மினுமினுப்பு. அண்ணன் அதை ஒரு தடவை எங்கள் வீட்டில் வைத்தே வர்ணித்தார். “ஆத்துத் தண்ணி வடிஞ்ச அன்னைக்கு வண்டல் எப்படி இருக்கும்? கறுப்பாவும் இருக்கும், உள்ளுக்குள்ள வெளிச்சமும் இருக்கும். அந்த நிறம் தங்கச்சி இவ நிறம்.”

“பாத்துக்க மேரி, என்னைச் சேறுங்குறாரு.”

“வண்டல்னேன்.”

“வண்டலுக்குப் பட்டணத்துல சேறுன்னுதான் பேரு.”

ஆனால் அக்காவுக்கு உள்ளூர சந்தோஷம்தான். முந்தானையை இழுத்து விட்டுக்கொண்ட விதத்திலேயே தெரிந்தது.

அந்த நிறம்தான் அண்ணனுக்குப் பெரிய விவகாரம். தன்னிடம் இருக்கிற கேமராவில் அது வராது என்பார். வெயிலில் எடுத்தால் கரிக்கட்டை. லைட் போட்டால் சாம்பல். கம்ப்யூட்டரில் ஏற்றி வெளுப்பாக்கலாம், எல்லா ஸ்டுடியோவிலும் அதைத்தான் செய்கிறார்கள். அவர் செய்ய மாட்டார். ஒரு கல்யாணத்தில் பெண்ணின் அத்தை ஒருத்தி வந்து, “பொண்ணு முகத்தைக் கொஞ்சம் செவப்பாக் காட்டிடுங்க,” என்று கேட்டாள். “பொண்ணு அழகாத்தானே இருக்கு. வெளுக்குறதுக்கு சோப்பு இருக்கு, கேமரா எதுக்கு?” என்று சொல்லிவிட்டார். அந்தக் குடும்பத்தில் அதற்கப்புறம் நடந்த எந்த விசேஷத்துக்கும் அவரைக் கூப்பிடவில்லை. அவர் அதைப் பற்றிக் கவலைப்பட்டதாகவும் தெரியவில்லை.

ஊருக்கு அவர் எடுத்த கணக்கில்லாத முகங்களில் அக்கா முகம் இல்லாமல் போனது இப்படித்தான். யாராவது கேட்டால், “ஊருக்கு எடுக்க இது போதும். இவளுக்கு எடுக்க அது வரட்டும்,” என்பார்.

அது என்றால் வரப்போகிற கேமரா. வெளிநாட்டுக் கம்பெனி ஒன்று சினிமாவுக்கென்று புதிதாக ஒரு டிஜிட்டல் கேமரா கொண்டுவருகிறது, கையடக்கமாக இருக்கும், ஆனால் தியேட்டரில் போடுகிற படத்துக்கு ஈடாக எடுக்கும் என்று போனில் பார்த்து வைத்திருந்தார். அதில் என்ன வரும், என்ன வராது என்று வாசல் படியில் உட்கார்ந்து எங்களுக்குச் சொல்வார். நிழலில் நிற்கிறவளுடைய கறுப்புச் சேலையின் மடிப்பும் தெரியுமாம், பக்கத்தில் வெயிலில் நிற்கிறவனுடைய வெள்ளை வேட்டியும் வெளுத்துப் போகாதாம். தோல் தோலாகத் தெரியுமாம், மாவு பூசின மாதிரி இருக்காதாம். அந்தக் கம்பெனி மாதிரிக்கென்று போட்ட படத்தைப் போனில் நிறுத்தி நிறுத்திப் பார்ப்பார். விரலால் விரித்து, அதில் வருகிற வெள்ளைக்காரப் பெண்ணின் கண்வரை போவார்.

“வெள்ளைக்காரி இமையை எண்ணிக்கிட்டிருக்காரு,” என்பார் அக்கா. “எனக்கு இமை இருக்கான்னு கேளு மேரி.”

“உனக்குத்தான்டி இத்தனையும்,” என்பார் அவர், போனிலிருந்து தலையைத் தூக்காமல்.

ஈஸ்டருக்குள் வந்துவிடும் என்றார்கள். வரவில்லை. தீபாவளி என்றார்கள், பிறகு பொங்கல். சாமான் கிடைக்கவில்லை, உள்ளே ஏதோ சரி செய்கிறார்கள் என்று செய்தி வந்தது. அண்ணன் கோபப்படவே இல்லை. “சரி பண்ணித்தான் குடுக்கட்டும். அவசரத்துல பண்ணினது எது உருப்பட்டுச்சு?” என்பார். காத்திருக்கிற நாளில் லென்ஸ் தேடினார். நல்ல கேமராவில் மட்டமான லென்ஸைப் போட்டால், இதுவரைக்கும் ஒளிந்திருந்த குற்றமெல்லாம் வெளிச்சத்துக்கு வந்துவிடுமாம். அதனால் கேமரா வருமுன் கண்ணைத் தயார் செய்ய வேண்டும் என்று அலைந்தார்.

கடைசியில் தஞ்சாவூரிலிருந்து ஒரு லென்ஸ் வந்தது. எங்கள் காலண்டருக்கு முன்னால் அது தேறியது. நாலு மூலையும் அழவில்லை. அண்ணன் அதைக் கைக்குழந்தை மாதிரி வைத்துக்கொண்டார். நம் பக்கத்து ஈரத்துக்கு லென்ஸுக்குள் பூஞ்சை பிடிக்கும். அதற்காக அக்கா வாரம் ஒரு தரம் அரிசியைக் கருகாமல் வறுத்து, ஆறவைத்து, இரட்டைத் துணியில் முடிச்சாகக் கட்டி, அலமாரியில் லென்ஸ் பெட்டிக்குப் பக்கத்தில் வைப்பார். வறுத்த அரிசி வாசனை எங்கள் அடுப்படிவரை வரும். தன்னைப் பார்க்கப்போகிற கண்ணை அந்த அம்மாளே காபந்து பண்ணி வைத்தார்.

அந்த வருஷம்தான் அக்காவுக்குக் கால் வீங்கியது. பிறகு முகம். சிறுநீரகம் என்றார்கள். வாரம் இரண்டு நாள் தஞ்சாவூருக்குப் போய் ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு வர வேண்டியதாயிற்று. வந்த அன்று படுக்கை, மறுநாள் கொஞ்சம் நடமாட்டம். நான் ஜெபமாலை சொல்லப் போவேன். அக்கா கூடச் சொல்வார், பாதியில் மூச்சு வாங்கும், நான் தொடர்ந்து முடிப்பேன்.

ஒரு நாள் ஜெபம் முடிந்ததும் கேட்டார். “மேரி, உன் போன்ல என்னை ஒண்ணு எடுறி.”

“அண்ணன் எடுப்பாருக்கா.”

“அவரு எடுப்பாரு. வீக்கம் வடியட்டும்ங்குறாரு, கேமரா வரட்டும்ங்குறாரு. எனக்கு எது முந்திக்கும்னு தெரியல. நீ எடு.”

அன்றைக்கு முகம் கொஞ்சம் வடிந்துதான் இருந்தது. எழுந்து முகம் கழுவி, நீலச் சேலை கட்டி, நான் கொண்டுபோயிருந்த மல்லிகையில் ஒரு துண்டு வைத்துக்கொண்டார். கொல்லைக் கதவுப் பக்கம் நிற்க வைத்து எடுத்தேன். எடுக்கும்போது, “லைட்டை யாருடி புடிக்கிறா?” என்று கேட்டுவிட்டு அவரே சிரித்துவிட்டார். சிரிப்பிலேயே விழுந்தது படம். எனக்குப் பிடித்திருந்தது. அக்கா போனை வாங்கி, கிட்ட வைத்துப் பார்த்தார், எட்ட வைத்துப் பார்த்தார்.

அண்ணன் அந்த நேரம் பார்த்து உள்ளே வந்தார். நானே பெருமையாகக் காட்டினேன். அதைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. நான் காட்டியிருக்க வேண்டாம்.

அவர் விரலால் விரித்துப் பார்த்தார். சத்தம் போடவில்லை. வைத்தியர் சொல்கிற மாதிரி நிதானமாகச் சொன்னார். “பாருங்க தங்கச்சி, மூக்கு முன்னால வந்துடுச்சு. காது பின்னால ஓடிடுச்சு. கிட்ட நின்னு எடுத்தா போன் லென்ஸ் மூஞ்சியை இப்படித்தான் பிதுக்கும். தோலைப் பாருங்க, வழிச்சு விட்ட மாதிரி. இது அவ இல்ல.”

அழித்தார். அழித்ததைப் போட்டு வைக்கிற இடம் ஒன்று போனில் இருக்கிறதாம், அங்கேயும் போய் அழித்தார். வேலையில் அவ்வளவு சுத்தம். போனை என் கையில் கொடுத்துவிட்டு, “நான் எடுத்துத் தர்றேன். பாத்துட்டு நீங்களே சொல்வீங்க,” என்று சொல்லிவிட்டுக் கடைக்குப் போனார். என் போன்தானே, வேண்டாம் அண்ணே, இருக்கட்டும் என்று ஒரு வார்த்தை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவர் தெரிந்தவர், நான் தெரியாதவள் என்று நினைத்துவிட்டேன்.

அக்கா பூவை எடுத்து மாதா படத்துக்கு வைத்தார். “நல்லாத்தானேடி இருந்துச்சு?” என்றார்.

“நல்லா இருந்துச்சுக்கா.”

“அப்ப சரி.”

அதற்கு மேல் அந்தப் பேச்சை அக்கா எடுக்கவே இல்லை.

அறுப்பு முடிந்து வயலெல்லாம் தாளாகக் கிடந்த சமயம். தஞ்சாவூருக்குப் போன அக்கா அன்று வண்டியில் படுத்த வாக்கில்தான் திரும்பி வந்தார். அண்ணனுடைய தம்பி குடவாசலிலிருந்து வந்து எல்லாவற்றையும் முன்னால் நின்று பார்த்தார். பங்குச் சாமியாருக்குச் சொல்லியாயிற்று, பெட்டிக்குச் சொல்லியாயிற்று. கண்ணீர் அஞ்சலி பேனர் அடிக்கிற கடையிலிருந்து மூன்றாவது தடவையாகப் போன் வந்ததும், தம்பி கூடத்தில் வந்து மெதுவாகக் கேட்டார். “அண்ணே, அண்ணி போட்டோ ஒண்ணு குடுங்க.”

அண்ணன் எழுந்து கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார். நானும் பின்னால் நின்றேன். ஊரே அதற்குள் இருந்தது. செத்துப்போனவர்கள், வெளிநாடு போனவர்கள், கல்யாணமாகிப் போன என் மகள், பல் விழுந்த அவள் சிநேகிதி. ஒவ்வொன்றாகத் தள்ளினார். அக்கா எதிலும் இல்லை. ஒரு படத்தில் விளக்கைப் பிடித்த கை. ஒன்றில் சுவரில் விழுந்த நிழல். கோயில் பாடல் குழு சேர்ந்து எடுத்த படத்தில் நாலாவது வரிசையில் பாதி முகம், மீதியை ஒருத்தியின் கொண்டை மறைத்திருந்தது. அண்ணன் அக்கா கல்யாண ஆல்பம், மழை வருஷம் ஒன்றில் வீட்டுக்குள் தண்ணீர் புகுந்தபோதே பக்கத்தோடு பக்கம் ஒட்டிப் பாறையாகிவிட்டது. சொந்தக்காரர்கள் போனிலும் கேட்டுப் பார்த்தார்கள். யார் எடுக்க வந்தாலும், “அவரு வைவாரு,” என்று சிரித்துக்கொண்டே அக்கா ஒதுங்கிவிடுவாராம்.

“என்னண்ணே, வீட்டுல ஒண்ணு கூடவா இல்ல?” என்றார் தம்பி. குத்திக் காட்டவில்லை. நிஜமாகவே புரியாமல்தான் கேட்டார்.

அண்ணன் தலையைத் தூக்கவில்லை. தள்ளிக்கொண்டே இருந்தார்.

கடைசியில் நான்தான் ரேஷன் கார்டு வைத்திருக்கும் பையிலிருந்து அக்காவின் ஆதார் அட்டையை எடுத்துக் கொடுத்தேன். அதில் இருந்த கட்டைவிரல் அளவு படத்தை ஆள் உயரத்துக்கு இழுத்து, தெருமுனையில் கட்டினார்கள். கண் இரண்டும் மிரண்டு, உதடு எங்கே முடிகிறது கன்னம் எங்கே தொடங்குகிறது என்று தெரியாமல், கறுப்பும் சாம்பலுமாகத் திட்டுத் திட்டாக இருந்தது. எங்கள் கோயில் பங்கைச் சேர்ந்தவர்தான், வருஷக்கணக்காக அக்காவுக்குப் பக்கத்தில் முழந்தாள் போட்டு ஜெபித்த அம்மாள், அந்தப் பேனருக்குக் கீழேயே நின்று என்னைக் கேட்டார்: “செத்தது யாரும்மா?”

அண்ணன் அதைக் கேட்டார். அவர் அப்போதுதான் பெட்டி வந்த வண்டிக்கு வழிகாட்ட வெளியே வந்திருந்தார்.

எங்களில் அடக்கத்துக்கு முன்னால் பெட்டியைச் சுற்றிக் குடும்பம் நின்று ஒரு படம் எடுப்பது வழக்கம். மாயவரத்திலிருந்து ஒரு வீடியோக்காரரைக் கூட்டி வந்திருந்தார்கள். அவர் லென்ஸ் மூடியைக் கழற்றும்போது அண்ணன் கையை நீட்டித் தடுத்துவிட்டார். “இந்த முகம் வேண்டாம் தம்பி,” என்றார். அண்ணனுடைய தம்பி ஏதோ சொல்ல வந்தார், சாமியார் கண்ணால் வேண்டாம் என்றார். சாமியார் தீர்த்தம் தெளித்து மந்திரிக்க, பெட்டியை மூடினார்கள்.

பேனரை யாரும் அவிழ்க்கவில்லை. ஒரு மாசத்துக்கு மேல் வெயிலில் அது வெளுத்துக்கொண்டே இருந்தது. அண்ணன் கடைக்குப் போக வேறு தெரு வழியாகச் சுற்றிப் போனார்.

கேமரா வந்தது. அடுத்த சாகுபடிக்கு ஆற்றில் தண்ணீர் விட்ட சமயம். கும்பகோணத்தில் ஒரு ஸ்டுடியோக்காரர் முதலில் வாங்கினார். அண்ணன் பஸ் ஏறிப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். வீட்டுக்குப் போகாமல் எங்கள் வாசலில் வந்து உட்கார்ந்தார். நான் மோர் கொடுத்தேன். என் வீட்டுக்காரர் ஏதாவது பேச வேண்டுமே என்று, “எப்படிண்ணே இருக்கு? சொன்ன மாதிரி இருக்கா, இல்ல ஏமாத்திட்டானா?” என்று கேட்டார்.

ஏமாற்றிவிட்டான் என்று அவர் சொல்ல மாட்டாரா என்று நான் உள்ளுக்குள் மாதாவை வேண்டினேன். நிஜமாகவே வேண்டினேன்.

“சொன்னது பூரா நிசம் மாப்ள,” என்றார் அண்ணன். டம்ளரைத் தரையில் வைத்தார். “கறுப்பு, கறுப்பாவே வருது.”

அதற்கப்புறம் அவர் வேலைக்குச் சரியாகப் போகவில்லை. ஒரு நாள் ஆதார் அட்டையை எடுத்துக்கொண்டு வந்தார். இப்போது கம்ப்யூட்டர் அதுவாகவே யோசித்து, கெட்டுப்போன படத்தைக் கூடப் புதிதாக வரைந்து தருகிறதாம். கும்பகோணத்தில் செய்து தருகிறார்களாம். முகத்தில் தழும்பு, மச்சம் ஏதாவது இருந்தால் சொல்லச் சொன்னார்களாம், அட்டையில் தெரியவில்லையாம்.

“உதட்டுக்கு மேல ஒரு மச்சம் இருந்துச்சுல்ல தங்கச்சி அவளுக்கு?”

“ஆமாண்ணே, மிளகு மாதிரி.”

“எந்தப் பக்கம்?”

அவர் என்னைச் சோதிக்கிறார் என்று நினைத்தேன். முகத்தைப் பார்த்ததும்தான் புரிந்தது. ஒரு பொட்டு எழுத்து மூலையில் இழுபட்டாலும் கண்டுபிடிக்கிற அந்தக் கண் அப்படியே என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது.

“இருபத்தாறு வருஷம் எதிர்ல உக்காந்து சாப்பிட்டிருக்கேன்,” என்றார். “இடதுன்னு நினைச்சா இடதுல இருக்கு. வலதுன்னு நினைச்சா வலதுல போய் உக்காந்துக்குது. நீங்க பொம்பளைங்க, கவனிச்சிருப்பீங்க. சொல்லுங்க.”

நான் கண்ணை மூடிப் பார்த்தேன். கொல்லைக் கதவுப் பக்கம் நீலச் சேலையில் அக்கா நின்றார். சிரித்தார். சிரிப்பு நன்றாகத் தெரிந்தது. மச்சம் தெரியவில்லை.

“இடது,” என்றேன்.

“அவளுக்கு இடதா, பாக்குற நமக்கு இடதா?”

“அக்காவுக்கு இடது. நல்லாத் தெரியும்ணே.”

அவர் சட்டைப்பையிலிருந்து சீட்டை எடுத்து எழுதிக்கொண்டார். அவருக்கு அப்போது யாராவது ஒருத்தர் உறுதியாகச் சொல்ல வேண்டியிருந்தது. அதற்காகத்தான் சொன்னேன். பாவசங்கீர்த்தனத்திலும் இதைச் சொல்லியிருக்கிறேன். சாமியார், ஆறுதலுக்குச் சொன்னதுதானேம்மா என்று சமாதானம் சொன்னார். எனக்குச் சமாதானம் ஆகவில்லை.

பத்து நாள் கழித்துப் படத்தைச் சட்டம் போட்டுக் கொண்டுவந்து காட்டினார். நல்ல நிறம். வண்டல் என்று அவர் சொன்ன அதே நிறம்தான், அதில் குறை சொல்ல முடியாது. கண்ணில் ஈரம், இமை இமையாக எண்ணலாம். நாலு மூலையும் சுத்தமாக இருந்தது. பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தால் ஸ்தோத்திரம் சொல்லிப் பேச்சுக் கொடுக்கத் தோன்றுகிற, யாரோ ஒரு நல்ல அம்மாள்.

“அவதானே தங்கச்சி?”

“அக்காதாண்ணே,” என்றேன்.

அந்த வருஷக் கடைசியில் ஸ்டுடியோவை மூடிவிட்டுத் தம்பி வீட்டோடு குடவாசலுக்குப் போய்விட்டார். பிறகு அங்கேயே கண்ணை மூடிவிட்டார் என்று தகவல்தான் வந்தது. படமும் அவரோடு போயிருக்கும்.

கல்லறைத் திருநாளுக்கு நான் தவறாமல் போகிறேன். அக்கா கல்லறையில் மெழுகுவர்த்தி கொளுத்தி, பூ வைத்து, முழந்தாள் போட்டுக் கண்ணை மூடுகிறேன். நீலச் சேலையும் கொல்லைக் கதவும் வரட்டும் என்று காத்திருக்கிறேன். அந்தக் கம்ப்யூட்டர் முகம்தான் முந்திக்கொண்டு வந்து நிற்கிறது. பளிச்சென்று நிற்கிறது. மச்சம், நான் சொன்ன பக்கத்தில் இருக்கிறது.